மூணாவதா பாடப்போறது யாரு?

கபடிப் போட்டிக்கான பிளெக்ஸ் ஊர் முனையில் கட்டப்பட்ட அன்றைக்கே டீக்கடையில் தேர்வுக் குழு கூடிவிடும். கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் பக்கத்துக் கிராமங்களில் இதற்குத் தனியாக அழைப்பு தேவையில்லை. கார்னரில் யார், கவரில் யார் என்பது ஒரு கிளாஸ் டீ ஆறுவதற்குள் முடிவாகிவிடும். குரல் உயர்வது ரெய்டர் பேச்சு வரும்போதுதான். "நம்மூர்ல பாடுறவனுக்கா பஞ்சம்?" என்று யாராவது ஒரு மாமா விரல் விட்டு எண்ண ஆரம்பிப்பார். அஞ்சு பேர் தேறுவார்கள். அஞ்சு பேருமே கெட்டிக்காரர்கள். அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு சித்தப்பா அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

அஞ்சு பேரையும் இறக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும்போலத் தோன்றும். ஆனால், கபடியில் ஏழு பேர்தான். எதிரணி ஆள் பாடிக்கொண்டு வரும்போது இரண்டு ஓரத்திலும் கார்னர் நிற்க வேண்டும். அவர்களுக்கு உள்பக்கம் இரண்டு கவர். பிடிப்பதே தொழிலாகக் கொண்ட இந்த நாலு பேரைக் கழித்தால் மிச்சம் மூன்று இடம். நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. அந்த மூன்றில்தான் ரெய்டர்களை நிறுத்த முடியும். மூன்று இடத்துக்கு அஞ்சு பேர் என்பது ஊர் டீமுக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. கோடிக்கணக்கில் ஏலம் எடுக்கும் புரோ கபடி அணிகளுக்கும் அதே தலைவலிதான். அவர்கள் டீக்கு பதில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய ரெய்டர் யார் என்பதில் சண்டை வராது. அது ஊருக்கே தெரியும். அவருக்கு அடுத்து யார், அதற்கும் அடுத்து யார் என்பதில்தான் அணி நிற்பதும் விழுவதும் இருக்கிறது. இது புரிய வேண்டுமானால் கபடியின் ஒரு விதியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும்.

வெளியே போன ஆட்டக்காரர் தானாகத் திரும்ப முடியாது. அவருடைய அணி எதிரணி ஆள் ஒருவரை வெளியேற்றினால் இங்கே ஒருவர் உள்ளே வரலாம். அதுவும் விருப்பப்பட்டவர் வர முடியாது. யார் முதலில் வெளியே போனாரோ அவர்தான் முதலில் வர வேண்டும். இன்னொன்று, போனஸ் கோட்டைத் தொட்டு எடுக்கும் புள்ளிக்கு யாரும் உள்ளே வர முடியாது. ஸ்கோர் போர்டில் எண் ஏறும், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் உட்கார்ந்தபடியேதான் இருப்பார்.

இப்போது ஒரு ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய ரெய்டர் முதல் நாலு ரெய்டில் மூன்று புள்ளி எடுத்துவிட்டுப் பிடிபடுகிறார். வெளியே உட்கார்ந்துவிட்டார். இனி அவர் எத்தனை நேரம் உட்கார்ந்திருப்பார் என்பது அவர் கையில் இல்லை. பிடிக்கிற நால்வர் எதிரணி ரெய்டரை மடக்கினால் வருவார். இல்லாவிட்டால் இரண்டாவது ரெய்டர் ஒருவரைத் தொட்டுவிட்டு வர வேண்டும். அந்த இரண்டாவது ஆள் போனஸ் எடுப்பதில் மட்டும் கில்லாடி என்றால் போச்சு. ஸ்கோர் இரண்டு, மூன்று என்று மெல்ல நகரும், பெரியவர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். 40 நிமிட ஆட்டத்தில் 15 நிமிடம் அவர் வெளியே இருந்தால், அவருக்குக் கொடுத்த கோடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண்.

மறுநாள் பேப்பரில் 'அபாரம்: 12 புள்ளி குவித்தார்' என்று பெரியவர் படம் வரும். அந்த 12 புள்ளி எடுக்க நடுவே நாலு முறை பிடிபட்டு வெளியே போனாரே, நாலு முறையும் அவரை உள்ளே அழைத்து வந்தது யார்? அந்தப் பெயர் செய்தியின் கடைசி வரியில்கூட இருக்காது.

இதற்கு நல்ல உதாரணம் பாட்னா பைரேட்ஸ். 2017-ல் நடந்த ஐந்தாவது சீசனில் பர்தீப் நர்வால் எடுத்த ரெய்டு புள்ளிகள் 369. ஹரியானா ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் மட்டும் 34 புள்ளி. அந்த வருடம் கோப்பையும் பாட்னாவுக்கே. குனிந்து, பிடிக்க வருபவர்களின் கைக்கு அடியில் புகுந்து வரும் அவருடைய 'துப்கி'யைப் பார்த்து, தமிழ்நாட்டுக் கிராமத்துப் பையன்களும் செம்மண் தரையில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள். அவருக்கு இரண்டாவது ரெய்டராக இருந்தவர் மோனு கோயத். பர்தீப் வெளியே இருந்தபோதெல்லாம் வேலையைக் கையில் எடுத்தவர் அவர்தான்.

மறு வருட ஏலத்தில் ஹரியானா ஸ்டீலர்ஸ் மோனு கோயத்தை ஒரு கோடியே 51 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஆண்டின் மிக உயர்ந்த விலை. இரண்டாவது ஆளின் மதிப்பை ஒரு அணி நிர்வாகம் புரிந்துகொண்டது என்று சந்தோஷப்படலாம். ஆனால், நடந்தது வேறு. மோனு இல்லாத பாட்னாவில் பர்தீப்பின் கணக்கு 369-லிருந்து 233-க்கு இறங்கியது. நடப்பு சாம்பியனாக வந்த பாட்னா பிளே-ஆஃபுக்கே போகவில்லை. மோனுவை வாங்கிய ஹரியானா தன் பிரிவில் கடைசி இடம். இருவருமே திறமை குறைந்தவர்களாக ஒரே வருடத்தில் மாறிவிடவில்லை. ஜோடி பிரிந்தது, அவ்வளவுதான். மோனுவை வாங்கியவர்கள் ஓர் ஆளை வாங்கினார்கள். அவர் யாருக்குப் பக்கத்தில் நின்று அப்படி ஆடினார் என்பதை விலை கொடுத்து வாங்க முடியவில்லை.

சரி, நம் தமிழ் தலைவாஸ் கதைக்கு வருவோம். வயிற்றெரிச்சலோடுதான் வர வேண்டும்.

2017-ல் அணி களத்தில் இறங்கியபோது கேப்டன் அஜய் தாகூர். தவளை மாதிரி பிடிப்பவர்கள் தலைக்கு மேல் தாவிப் போகும் மனிதர். முதல் சீசனிலேயே 222 ரெய்டு புள்ளி. அணி தன் பிரிவில் கடைசி. 2018-லும் கடைசி. 'அஜய்க்குத் துணை இல்லை, அதனால்தான் தோற்கிறோம்' என்று ரசிகர்கள் சொன்னது நியாயம். 2019-ல் நிர்வாகம் துணை தேடிப் போய் 94 லட்சத்துக்கு ராகுல் சவுத்ரியைக் கொண்டு வந்தது. தெலுங்கு டைட்டன்ஸின் முகமாகவே ஆறு சீசன் இருந்தவர். அஜய், ராகுல், பிடிக்க மஞ்சித் சில்லர், மோஹித் சில்லர் என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் இந்திய அணி மாதிரி இருந்தது. அந்த சீசனில் 12 அணிகளில் 12-வது இடம்.

காயம், வயது, நடுவில் பயிற்சியாளர் மாறியது என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் அடிப்படைக் கோளாறு டீக்கடைத் தேர்வுக் குழுவின் கோளாறேதான். துணை தேடப் போனவர்கள் இன்னொரு தலைவரைக் கொண்டு வந்தார்கள். அஜய்யும் ராகுலும் தத்தம் அணியில் முதல் ஆளாகவே ஆடிப் பழகியவர்கள். முதல் ஆளுக்கு ஒரு தாளம் இருக்கும். தொடர்ந்து போக வேண்டும், நாலு ரெய்டில் எதிரணியின் கார்னர் எப்போது காலை வீசுகிறார் என்று படித்து, ஐந்தாவதில் அடிக்க வேண்டும். இருவரும் மாறி மாறிப் போனால் இருவருக்குமே அந்தத் தாளம் கிடைக்காது. ஒரே அடுப்பில் இரண்டு மாஸ்டர்கள் நின்றால் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழும், அல்லது விழவே விழாது. அந்த வருடம் ஓரளவு நம்பிக்கை தந்தவர்களில் ஒருவர், பெரிய விலை இல்லாத தமிழ்நாட்டுப் பையன் வி.அஜித்குமார். அடுத்த சீசனில் அவரும் மும்பைக்குப் போய்விட்டார். அது தனி வயிற்றெரிச்சல்.

2022-ல் நடந்தது இன்னும் வேடிக்கை. பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை கபடி பார்த்திராத விலை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் வெளியேறினார். தலைவாஸ் அவ்வளவுதான் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அந்த இடத்தில் ஆட வந்தவர் நரேந்தர் கண்டோலா என்ற புதுமுகம். 243 ரெய்டு புள்ளி. பக்கத்தில் அஜிங்க்யா பவார், ஆரவாரம் இல்லாத இரண்டாவது ரெய்டர். பின்னால் சாகர், சாஹில் குலியா, அபிஷேக் என்று இளம் பிடிகாரர்கள். சீசன் நடுவில் பொறுப்பேற்ற பயிற்சியாளர் அஷன்குமார் யாரையும் போட்டுக் குழப்பவில்லை. தலைவாஸ் முதல்முறையாக பிளே-ஆஃப் போனது, எலிமினேட்டரில் உ.பி. அணியை டை-பிரேக்கரில் ஜெயித்தது, அரையிறுதியில் புனேயிடம் 37-39 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. இன்று வரை தலைவாஸ் ரசிகர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளும் சீசன் அது ஒன்றுதான். தலைவர் வெளியேறிய சீசன்.

அதிலிருந்து கற்றுக்கொண்டார்களா என்றால், 2024-ல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சத்துக்கு எடுத்து நரேந்தருக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலை ஒரு கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து எடுத்து, கூடவே பவனையும் மறுபடி அழைத்து வந்தார்கள். மீண்டும் இரண்டு முதல் ஆட்கள். சில ஆட்டங்களிலேயே பவன் அணியை விட்டுப் போக நேர்ந்தது. ஒழுங்கு நடவடிக்கை என்றது நிர்வாகம், இல்லை என்று மறுத்தார் பவன். யார் சொன்னது சரியோ, முதல் எட்டு இடங்களுக்குள் தலைவாஸ் வரவில்லை.

இந்தக் குழப்பம் கபடிக்கு மட்டும் சொந்தமில்லை. பனிக்கட்டி மேல் சறுக்கிக்கொண்டு ஆடும் ஐஸ் ஹாக்கியில் இது தினசரி விவகாரம். ஸ்கார்பரோவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள், கனடாவில் குளிர்காலத்தில் சாப்பாட்டு மேஜைப் பேச்சே இதுதான். அங்கே தாக்குதல் வரிசை மூன்று மூன்று பேராகப் பிரிக்கப்படும். நடுவில் ஒருவர், இறக்கைகளில் இருவர். இந்த மூவருக்கு 'லைன்' என்று பெயர். ஒரு அணியில் நாலு லைன். முக்கால் நிமிடம் மூச்சு முட்ட ஆடிவிட்டு ஒரு லைன் வெளியே வரும், அடுத்த லைன் தடுப்பைத் தாண்டி உள்ளே குதிக்கும். எட்மன்டன் ஆயிலர்ஸ் அணியில் கானர் மெக்டேவிட், லியோன் டிரைசைட்டில் என்று உலகின் மிகச் சிறந்த இருவர் இருக்கிறார்கள். இருவரையும் ஒரே லைனில் போடுவதா, தனித்தனி லைனில் போடுவதா? சேர்த்தால் அந்த முக்கால் நிமிடம் எதிரணிக்கு நரகம், ஆனால் மற்ற லைன்கள் இளைத்துப்போகும். அணி பின்தங்கினால் சேர்ப்பார்கள், மற்ற நேரம் பிரிப்பார்கள். 2024, 2025 இரண்டு வருடமும் ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றில் அவர்கள் ஃப்ளோரிடா பாந்தர்ஸிடம் தோற்றார்கள்.

2025-ல் ஃப்ளோரிடாவின் மூன்றாவது லைனில் ஆடியவர் 37 வயது பிராட் மார்ச்சண்ட். சில மாதங்களுக்கு முன்புவரை பாஸ்டன் அணியின் கேப்டன். ஃப்ளோரிடாவுக்கு வந்ததும் இரண்டு ஃபின்லாந்து இளைஞர்களோடு மூன்றாவது லைனில் போட்டார்கள். முகம் சுளிக்காமல் ஆடினார். இறுதிச் சுற்றில் மட்டும் ஆறு கோல். எட்மன்டனின் பெரிய ஆட்களை மடக்குவதற்கு எல்லோரும் திட்டம் போட்டுக்கொண்டிருக்க, ஃப்ளோரிடாவின் மூன்றாவது வரிசை கோப்பையைப் பாதி வழி சுமந்து வந்துவிட்டது.

கபடியில் அந்த மூன்றாவது ஆளின் நிலைமை இன்னும் பாவம். புரோ கபடி விதிப்படி ஒரு அணி தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாவது ரெய்டு 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்காமல் வந்தால் அவுட். பெரியவரை அதற்கு அனுப்பினால் அவரை இழக்கும் ஆபத்து. அதனால் அனுப்பப்படுவது பெரும்பாலும் மூன்றாவது ஆள். எதிரே ஏழு பேரும் இருக்கலாம், இவன் புள்ளி எடுத்தே ஆக வேண்டும் என்று அவர்களுக்கும் தெரியும். 30 வினாடிதான் நேரம். அதே மாதிரி, எதிரணியில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ இருக்கும்போது பிடிபட்டால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. அந்த வலையிலும் இவர்தான் காலை விட வேண்டும். முன்னணியில் இருக்கும்போது கடைசி நிமிடங்களில் யாரையும் தொடாமல் 30 வினாடியை ஓட்டிவிட்டு வருவதும் பல நேரம் இவர் தலையில் விழும். கூட்டம் கத்தும், 'தொடுறா' என்று. தொடாமல் வருவதுதான் அவருக்குக் கொடுத்த வேலை என்று கூட்டத்துக்குத் தெரியாது.

கடினமான பரீட்சையாகப் பார்த்து இவருக்கு மட்டும் எழுதக் கொடுத்துவிட்டு, கடைசியில் மார்க் ஷீட்டைப் பார்த்து 'பத்து ரெய்டில் இரண்டு புள்ளிதானா?' என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கேள்வி கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இப்போது அவசரமான கேள்வி. 2019 நவம்பர் 26-ல் மாவட்டம் பிரியும் வரை இந்தப் பக்கத்துப் பையன்கள் விழுப்புரம் மாவட்ட அணியில் இடம் பிடிக்க முட்டி மோத வேண்டியிருந்தது. இப்போது முதலமைச்சர் கோப்பைக்குக் கள்ளக்குறிச்சிக்கென்றே தனி அணி. மாவட்ட அணி, மாநிலப் போட்டி, சான்றிதழ் என்று ஏறிப் போனால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவிகித ஒதுக்கீடு வரைக்கும் கண் போகும். கச்சிராயப்பாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டப் போகும் வீட்டில் ஒரு போலீஸ் சட்டையோ ரயில்வே வேலையோ என்றால் சின்ன விஷயமா? எனவே தேர்வு நாளன்று மைதானத்தில் நிற்கும் பையன் ஒவ்வொருவனும் புள்ளி எடுக்கத்தான் பார்ப்பான். பத்து நிமிடம் ஆட விட்டு எடுக்கும் தேர்வில், பக்கத்தில் நிற்பவனை உள்ளே அழைத்து வருகிறவனை யார் கவனிக்கப் போகிறார்கள்?

கல்வராயன் மலைப் பையன்களுக்கு இது இரட்டிப்பு நஷ்டம். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாலையும் பள்ளியும் வந்ததே தாமதம். வெள்ளிமலையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள், ஒரே விடுதியில் தூங்கி, ஒரே தட்டு வரிசையில் நின்று வளர்கிறார்கள். மரவள்ளியும் சாமையும் போக, பிழைப்புக்குத் திருப்பூருக்கும் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் பெரியவர்கள் போய்விடும் வீடுகள் அங்கே நிறைய. அப்படி வளரும் மூன்று பையன்களுக்கு ஒருவன் மூச்சு இன்னொருவனுக்குத் தெரியும். இடப்பக்கம் பாடுகிறவன் எதிரணியின் கார்னரைத் தன் பக்கம் இழுத்து வைத்தால், அடுத்த ரெய்டில் வலப்பக்கம் பாடுகிறவன் அந்த இடைவெளியில் புகுவான். இதைச் சொல்லிக் கொடுக்க வருடக்கணக்காகும், அவர்களுக்கு அது விடுதியிலேயே வந்துவிடும்.

தேர்வு மைதானத்தில் நடப்பதோ, அந்த மூவரையும் மூன்று அணியில் பிரித்துப் போடுவது. பாட்னாவுக்கு நடந்தது இவர்களுக்கும் நடக்கும். தனித்தனியே மூவரும் சுமாராகத் தெரிவார்கள். கீழேயிருந்து வந்த, நாலு டோர்னமென்ட் பார்த்த ஒரு பையன் போனஸாகப் பொறுக்கிப் பேர் வாங்கிவிடுவான். பஸ் பிடித்து மலை ஏறும்போது மூவருமே வாய் திறக்க மாட்டார்கள்.

பி.டி. சார்கள் நினைத்தால் இதைக் கொஞ்சம் மாற்றலாம். தேர்வில் பாதி நேரம் கலந்து ஆட விடட்டும். மீதி நேரம், ஒரே பள்ளியிலிருந்து வந்த மூவரை அப்படியே மூவராக இறக்கிப் பார்க்கட்டும். ஸ்கோர் நோட்டில் ரெய்டு, பிடி, போனஸ் என்று ஏற்கெனவே கட்டம் போடுகிறார்கள். பக்கத்தில் இன்னும் ஒரு கட்டம் போடலாம். யார் தொட்டு வந்ததால் யார் உள்ளே வந்தார் என்று அதில் ஒரு கோடு. டூ ஆர் டை ரெய்டுக்குப் போனவன் பெயருக்கு மேலே ஒரு புள்ளி வைத்தால் போதும். ஊர் டீமுக்கும் இதே கதைதான். நோட்டு எழுத, காலில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன் எல்லா டீமிலும் இருப்பான். ஒரு சீசன் முடிந்து அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்தால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாக்களில் இரண்டு பேராவது கொஞ்ச நேரம் பேசாமல் டீயைக் குடிப்பார்கள்.